கதிரைக்குப் பின்னால் இருந்த கை

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் மீனலோசனி, "ஆக்களைச் சேர்க்கிற வேலை" என்பாள். கேட்டவர் கலியாணத் தரகர் என்று நினைத்துக்கொள்வார். அவள் திருத்துவதில்லை.

வேலணையில் கோபிசங்கரின் ஸ்ரூடியோவில் பதினோரு வருடமாகக் கணினிக்கு முன்னால் இருக்கிறாள். புளியங்கூடலிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, மூடியிருக்கும் கடைக் கதவைத் தானே திறப்பாள். கடவுச்சீட்டுப் படம், பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்திய வீட்டுப் படம், செத்தவர்களின் அந்தியேட்டி நினைவுமலருக்குப் படம் எல்லாம் கோபிசங்கர் பார்த்துக்கொள்வான். அவளுடையது வேறு. அம்மா சரவணையில், மூத்தவன் பாரிஸில், இளையவள் ஒஸ்லோவில் என்று சிதறிப்போன குடும்பங்கள் ஆளுக்கொரு படத்தை அனுப்பிவைக்கும். அவள் ஒவ்வொருவரையும் வெட்டி எடுத்து ஒரே சுவருக்கு முன்னால் நிறுத்துவாள். குளிர்ச் சட்டையோடு நிற்பவனுக்கு வேட்டி கட்டிவிடுவாள். வெளிநாட்டு வெயில் இடமிருந்து விழுந்தால் மண்கும்பான் வெயிலுக்கு ஏற்றமாதிரி முகத்தைத் திருத்துவாள். நிழலைக் கவனிக்காவிட்டால் மனிதர் அந்தரத்தில் மிதப்பார்கள். மீனலோசனி சேர்த்த படத்தில் வெட்டிய இடம் தெரியாது என்று தீவுப்பகுதி முழுக்கப் பேர் இருந்தது.

அந்தப் பேரை முதலில் குழப்பியவர் ஊர்காவற்றுறைப் பிலோமினம்மா. மனுசன் காலமாகி, ஐந்து பிள்ளைகளும் ஐந்து நாட்டில். எல்லாரையும் சேர்த்துப் பெரிதாகத் துணியில் அச்சடித்துக் கொண்டுபோனவர், மூன்றாம் நாள் படத்தைச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பிள்ளை, வேலை நல்ல வேலைதான். ஆனா இதில ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கேல்லை."

மீனலோசனி விரித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒருவன் யாரோ நண்பனைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒருத்தி தன் குழந்தையைப் பார்க்கிறாள். அந்தக் குழந்தை படத்தில் இல்லை.

"அவையள் அந்தந்த இடத்தில அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டவை அம்மா. கண்ணை நான் திருப்ப ஏலாது."

"எனக்கும் தெரியும். எண்டாலும் பாக்கப் பாக்க விசராக் கிடக்கு. நீரே வைச்சிரும்."

அவர் படத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். எறிய மனம் வராமல் மீனலோசனி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கலியாணச் சட்டைகளுக்குப் பூ வேலை செய்துகொடுப்பது அவளுக்குப் பல வருடப் பழக்கம். நூலும் வளையமும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியை வளையத்தில் இறுக்கி, மூத்தவனின் உருவத்தைச் சுற்றித் தான் வெட்டிய கோடு எங்கே போனதோ அதே வழியில் சிவப்பு நூலால் தைத்தாள். கணினியில் மூன்று மணித்தியாலம் மினக்கெட்டு மறைத்த கோடு அது. அடுத்தவளுக்கு நீலம். மற்றவனுக்கு மஞ்சள். ஐந்து பேரையும் ஐந்து நிறத்தால் சுற்றிவிட்டு, ஒவ்வொரு நூலையும் அறுக்காமல் நிலத்தோடு இழுத்து வந்து, நடுவில் இருந்த தாயின் மடியில் முடிந்தாள்.

பிலோமினம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் ஒவ்வொரு நூலையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சரி. இப்ப ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தில நிக்கினம் எண்டு தெரியுது. முதல் படம் பொய் சொன்னது."

அதன்பின் மீனலோசனி இன்னும் நாலைந்து படங்களுக்கு அப்படித் தைத்தாள். கோபிசங்கருக்கு முதலில் பிடிக்கவில்லை. "அக்கா, நாங்கள் வெட்டை மறைக்கத்தானே காசு வாங்கிறம்" என்றான். ஆனால் கடைக்குள் வருகிறவர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றுவிடுவதைப் பார்த்து, தானே ஆணி அடித்து ஒன்றைச் சுவரில் மாட்டினான்.

கஜாலினி கண்டது அதைத்தான். யாழ்ப்பாணத்தில் ஓவியம் படிப்பிக்கிற அவள் ஒரு கலியாண வீட்டுக்கு வந்த இடத்தில், போன் சார்ஜ் போடக் கடைக்குள் நுழைந்தவள். சார்ஜை மறந்து, யார் செய்தது, எப்படிச் செய்தது, ஏன் நூல் மடியில் முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் கேட்டது: "ஆவணியில நல்லூரடியில ஒரு கண்காட்சி வைக்கிறம். ஏழு பேர். நீங்களும் வாறியளோ அக்கா?"

"நான் ஆட்டிஸ்ட் இல்லை."

"அதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம். ஆனா உங்கட சொந்தக் குடும்பப் படமா இருக்கவேணும். மற்றவையின்ர படத்துக்குள்ள ஒளிஞ்சுகொள்ள ஏலாது."

அந்தக் கடைசி வசனம் மீனலோசனிக்குப் பிடித்துக்கொண்டது. ஓமென்று சொன்னாள்.

அவர்களிடம் இருந்தது ஒரேயொரு குடும்பப் படம். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம், நயினாதீவுத் திருவிழாவுக்கு அப்பா வந்திருந்தபோது வீட்டு முற்றத்தில் எடுத்தது. அப்பா தில்லைநாதனுக்குக் குருநாகலில் கடை. வருடத்தில் மூன்று தரம் வீட்டுக்கு வருவார். படத்தில் அம்மா மனோகரி கதிரையில் இருக்கிறார். ஐந்து வயது மீனலோசனி அவருடைய முழங்காலில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். கதிரைக்குப் பின்னால் அப்பா. அவருக்கு வலப்பக்கம் பன்னிரண்டு வயதுப் பிரியதர்சினியும் ஒன்பது வயதுத் துஷ்யந்தனும். அடுத்த வருடமே போரில் தீவு காலியானது. எல்லாரும் வலிகாமத்துக்கு ஓடினார்கள். தொண்ணூற்று மூன்றில் அப்பா கடையில் வைத்தே நெஞ்சுநோ வந்து இறந்துபோனார். பாதை பூட்டியிருந்தது. செய்தி பதினாறு நாள் கழித்துக் கடிதமாக வந்தது. இரண்டாயிரத்து மூன்றில் வீடு திரும்பியபோது, கூரையில்லாத அறையின் மூலையில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்தோடு குப்புறக் கிடந்தது. கறையான் ஒரு பக்கத்தைத் தின்றிருந்தது. முகங்கள் எல்லாம் தப்பிவிட்டன. அப்பாவின் வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. கதிரையின் முதுகு, அம்மாவின் ஒரு கை, அக்காவின் தோள், அண்ணாவின் தோள் எல்லாம் போய், அந்த இடத்தில் பழுப்பு ஓட்டை.

அதைத்தான் தைத்து நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு அந்தக் கை எங்கே இருந்தது என்று தெரியவேண்டும். ரொறொன்ரோவில் இருந்த அண்ணாவுக்கும் ஜேர்மனியில் இருந்த அக்காவுக்கும் பொதுவாக வாட்ஸ்அப்பில் கேட்டு எழுதினாள்.

பத்து நிமிடத்தில் அண்ணாவின் குரல் வந்தது. "இதென்ன கேள்வி மீனா? என்ர தோளிலதான். எனக்கு இப்பவும் அந்தப் பாரம் தெரியும். கையில மோதிரம் போட்டிருந்தவர், அது கழுத்தில பட்டது."

அக்காவின் பதில் அடுத்த நாள் காலையில். "அவன் சும்மா சொல்லுறான். அப்பா என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் வளர்ந்திட்டன் எண்டு படக்காரனுக்குச் சொன்னவர்."

பிறகு இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். முதலில் பகிடி. நாலாம் நாள் பகிடி இல்லை. அப்பா வந்தால் எப்போதும் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார் என்று அக்கா எழுதினாள். உனக்கு மட்டும்தான் சைக்கிள் வாங்கித் தந்தவர் என்று அண்ணா எழுதினான். நாற்பது கடந்த இரண்டு பேர், ஒருவர் ரொறொன்ரோவில் வேலைக்குப் போகும் ரயிலில், மற்றவர் ஜேர்மனியில் சமையலுக்கு நடுவில், முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு கைக்காகச் சண்டை பிடிப்பதை மீனலோசனி வாசித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எந்த ஞாபகமும் இல்லை.

கோபிசங்கர் வழி சொன்னான். "ரெண்டு படம் செய்யுங்கோ அக்கா. கனடாவுக்கு ஒண்டு, ஜேர்மனிக்கு ஒண்டு. ரெண்டு பேரும் சந்தோசப்படுவினம். கொம்பியூட்டரில எத்தினை பேருக்கு அப்பிடிச் செய்து குடுத்திருக்கிறம்."

"குடுத்திருக்கிறம்தான். இதுக்கு எனக்கு ஒண்டு போதும்."

"எது?"

"நடந்தது."

நடந்ததைச் சொல்லக்கூடிய ஆள் வீட்டிலேயே இருந்தார். ஆனால் எழுபத்தொரு வயது அம்மா அந்தப் படத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சுவரில் மாட்ட விட்டதுமில்லை. அது அலுமாரிக்குள்தான் இருந்தது. அவர் பின்வளவில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது மீனலோசனி போய்க் கேட்டாள்.

"ஞாபகமில்லை" என்றார் அம்மா, தண்ணீரைப் பார்த்தபடி.

இரண்டு நாள் கழித்து, படத்தைப் பெரிதாக்கி அச்சடித்த துணியை மீனலோசனி சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தானாக வந்து பின்னால் நின்றார்.

"ரெண்டு பேரின்ர தோளிலயும் இல்லை" என்றார்.

மீனலோசனி திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அடுத்த நாள் விடிய அவருக்குப் பஸ். படக்காரன் ஆடாதேங்கோ, ஆடாதேங்கோ எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறான். உங்கட அப்பா கையைக் கீழ விட்டு, கதிரைக்குப் பின்னால என்ர கையைப் பிடிச்சிட்டார். ஊர்ச்சனம் அரைவாசி வேலியில நிக்குது. நான் சிரிச்சிட்டன்."

படத்தில் அம்மாவின் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. மடியில் சாய்ந்த சின்ன மகளின் குழப்படிக்குச் சிரித்தார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"கறையான் தின்னாட்டிலும் உது படத்தில தெரிஞ்சிருக்காது. கதிரை மறைச்சது" என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "உதை ஊருக்குக் காட்டப் போறியோ?"

"நீங்கள் வேண்டாம் எண்டா விட்டிடுவன் அம்மா."

அம்மா குசினிக்குள் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. தேத்தண்ணியோடு திரும்பி வந்தவர், மேசையில் கிடந்த நூல்களில் சிவப்பை ஒருபக்கம் தள்ளிவிட்டார்.

"சீலை கரும்பச்சை. மஞ்சள் கரை. கறுப்பு வெள்ளைப் படம் எண்டபடியா எல்லாரும் சிவப்பு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

அவர் தந்த சம்மதம் அதுதான்.

வேலை மூன்று மாதம் எடுத்தது. கறையான் தின்ற விளிம்பை மீனலோசனி மறைக்கவில்லை. அந்தக் கிழிசலை அப்படியே விட்டு, உள்ளே மட்டும் நூலால் நிரப்பினாள். கதிரை முதுகுக்கு மண்ணிறத்தில் சங்கிலித் தையல். அக்காவின் தோளும் அண்ணாவின் தோளும் வெள்ளை நூலில், மேலே ஒன்றும் இல்லாமல். அப்பாவின் கை முழங்கையிலிருந்து இறங்கிக் கதிரைக்குப் பின்னால் போய் மறைகிறது. முன்பக்கம் அவ்வளவுதான்.

பின்பக்கத்துக்கு அவள் இன்னொரு துணி வைத்தாள். படம் எதுவும் அச்சடிக்காத வெறும் பருத்தித் துணி. எந்தத் தையலுக்கும் முடிச்சும் தொங்கும் நூலுமாக இருக்கிற பக்கம் அது, யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் இரண்டு கைகளையும் தைப்பது என்று தீர்மானித்தாள். சட்டத்தைச் சுவரில் மாட்டாமல் மண்டபத்தின் நடுவில் தொங்கவிட வேண்டும் என்று கஜாலினிக்குச் சொன்னாள். கஜாலினி மறுபேச்சுப் பேசவில்லை.

முதலில் தைத்த கைகள் சரிவரவில்லை. கலியாண அழைப்பிதழில் இருக்கும் கைகளைப் போல, ஒன்றின் மேல் ஒன்று அழகாக இருந்தன. முழுவதையும் பிரித்தாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு அம்மாவை இருக்கச் சொன்னாள். தான் பின்னால் நின்று கையை நீட்டினாள்.

"இப்பிடியோ?"

"இல்லை. இன்னும் கீழ."

"இப்ப?"

"முழுக் கையையும் பிடிக்கேல்லை. அதுக்கு எங்க நேரம்? சின்ன விரலை மட்டும் பிடிச்சவர்."

மீனலோசனி அம்மாவின் சின்ன விரலைத் தன் கைக்குள் மூடினாள். அம்மா திரும்பாமலே தலையை ஆட்டினார். "ஓம். உப்பிடித்தான்" என்றார். மற்றக் கையால் மீனலோசனி போனில் படம் எடுத்துக்கொண்டாள். மூடிய ஒரு கை, அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு விரல்நுனி: அதுதான் பின்பக்கத்தில் வந்தது. அந்தக் கையின் ஒவ்வொரு நரம்புக்கும் அவள் நூலின் நிறத்தை மாற்றினாள். அப்பாவின் கையை அவள் நன்றாகப் பார்த்ததில்லை. அண்ணாவின் கைகள் அவருடையவை போலவே இருக்கின்றன என்று அம்மா சொல்வார். அண்ணாவின் பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தைத்தாள்.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது துஷ்யந்தன் விடுமுறையில் வந்து இறங்கினான். பயணப் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. சட்டத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"கை எங்க?"

"பின்னால."

"நான் உனக்கு ரெண்டு தரம் சொன்னனான் மீனா. மோதிரம் பட்டது எண்டுகூடச் சொன்னனான். அக்காவுக்குப் போடாமல் விட்டது சரி. எனக்கும் இல்லையோ? ஒருத்தருக்கும் குடுக்காமல் விட்டா நியாயம் எண்டு நினைச்சியோ?"

"நியாயம் பாக்கேல்லை அண்ணா. இருந்த இடத்தில வைச்சிருக்கிறன்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்" என்றார் அம்மா வாசலில் இருந்து.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்த பிறகும் அவன் பின்பக்கத்தைப் பார்க்கப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

"அப்ப அண்டைக்கு எங்களைத் தொடவே இல்லையோ?"

"அந்தக் கை எனக்கும் வருசத்தில மூண்டு தரம்தான் கிடைச்சது தம்பி" என்றார் அம்மா.

அம்மா கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். அவன் குளிக்கப் போனான். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அன்றும் மறுநாளும் மீனலோசனியோடு பேசவில்லை. அவளும் தணிந்துபோகவில்லை. ஒரு தையலைக்கூட மாற்றவில்லை. மூன்றாம் நாள் சட்டத்தை ஏற்றப் பிக்கப் வந்தபோது, கேட்காமலே வந்து ஒரு பக்கம் தூக்கினான்.

கண்காட்சி ஒரு பழைய வீட்டில் நடந்தது. மீனலோசனியின் துணி நடு அறையில் தொங்கியது. வருகிறவர்கள் முன்னால் நின்று பார்ப்பார்கள்; தின்ற விளிம்பைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள்; பிறகு சுற்றிப் பின்னால் போவார்கள். பின்னால் போனவர்கள் திரும்பி வருவதற்கு நேரம் எடுத்தது. ஒரு மனுசி தன் புருசனை மறுபக்கத்தில் இருந்து சைகை காட்டிக் கூப்பிட்டாள். அம்மா முதல்நாள் மாத்திரம் வருவதாகச் சொன்னவர், ஏழு நாளும் கரும்பச்சைச் சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு, கேட்கிறவர்களுக்கு நயினாதீவுத் திருவிழா, குருநாகல் கடை, படக்காரன் எல்லாவற்றையும் சொன்னார். ஊர்ச்சனம் அரைவாசி வேலியில் நின்றது என்று சொல்லும் இடத்தில் கேட்பவர்கள் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடம் வாய் திறக்காத மனுசி இப்படிப் பேசுவார் என்று மீனலோசனி நினைக்கவே இல்லை. அவள் கொஞ்சம் தள்ளி நின்று, தன்னுடைய வேலை நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

துஷ்யந்தன் நாலாம் நாள் பின்னேரம் வந்தான். அறையில் ஆட்கள் குறையும்வரை முற்றத்தில் நின்றுவிட்டு, நேரே பின்பக்கம் போனான். தன் வலக்கையைத் தூக்கித் துணிக்குப் பக்கத்தில் பிடித்தான். பிறகு போனை எடுத்து ஜேர்மனிக்கு அழைத்தான்.

"அக்கா, பார். அப்பா அண்டைக்குப் பிடிச்சது அம்மாவின்ர விரலை" என்று போனைத் துணியின் கிட்டக் கொண்டுபோனான்.

மறுமுனையில் பிரியதர்சினி கேட்டாள், "அம்மா சிரிச்சது அதுக்கோ?"

"அதுக்குத்தான்."

"நான் மீனா மூக்கு நோண்டினதுக்கு எண்டெல்லோ நினைச்சன்."

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அண்ணா மீனலோசனிக்குப் பக்கத்தில் இருந்தான். பண்ணைப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல் வற்றி, மீன் பிடிக்கும் சிறகுவலைத் தடிகள் வெளியே தெரிந்தன.

"எண்டாலும் அந்த மோதிரம் என்ர கழுத்தில பட்டது மீனா. அது பொய் இல்லை."

"பொய் எண்டு நான் சொல்லேல்லையே. அது வேற நாளா இருக்கும். எங்க நிண்டனீங்கள் எண்டு யோசியுங்கோ."

அவன் யோசித்தான். பஸ் மண்கும்பானைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "சுத்திவரத் தண்ணி. சனம் நெருக்குது. விழுந்திடுவன் எண்டு அமத்திப் பிடிக்கிறார்." கொஞ்சம் நிறுத்தி, "குறிகட்டுவான் துறை" என்றான். "திருவிழாவுக்கு வள்ளம் ஏறப் போறம். அதே கிழமையாத்தான் இருக்கவேணும்."

"அண்டைக்கு ஆரும் படம் எடுத்தவையோ?"

"ஆர் எடுக்கிறது?"

"அப்ப வெறும் துணியில தைக்கலாம்" என்றாள் மீனலோசனி. "படம் இல்லாத இடத்தில எனக்கு வேலை இன்னும் சுகம்."

அவன் திரும்பிப் போவதற்கு முதல்நாள் இருவரும் குறிகட்டுவானுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை; நயினாதீவுக்குப் போகிற சனம் துறைமுகத்தில் வரிசையாக நின்றது. சிங்களக் குடும்பங்கள் விகாரைக்குப் பூத்தட்டோடு, தமிழ்க் குடும்பங்கள் அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு. ரொறொன்ரோவில் இரண்டு பிள்ளைகளின் தகப்பனான துஷ்யந்தன் அந்த நெருக்கடிக்குள் அங்கேயும் இங்கேயுமாக நகர்ந்து, சீமெந்துக் கட்டின் ஓரத்தில் கடைசியாக ஓரிடத்தைக் கண்டுபிடித்து நின்றான்.

"இங்க."

"எந்தப் பக்கம் பாத்தனீங்கள்?"

"வள்ளத்தை."

"அப்ப வள்ளத்தைப் பாருங்கோ. என்னைப் பாக்காதேங்கோ."

அவள் பின்னால் நின்று, அவனுடைய தோளையும் கழுத்தையும், தோளுக்கு மேலே தெரிந்த கடலையும் படம் எடுத்தாள். வெயில் வலப்பக்கம் இருந்து விழுந்தது. அதையும் குறித்துக்கொண்டாள்.

அந்த வேலையை அவள் தை மாதம் தொடங்கினாள். இப்போது ஸ்ரூடியோவுக்குக் கிழமையில் மூன்று நாள்தான் போகிறாள். மற்ற நாள்களில் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிறாள். அடுத்த கண்காட்சி கொழும்பில் என்று கஜாலினி சொல்லியிருக்கிறாள். தங்கள் குடும்பப் படத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் மீனலோசனி ஒரேயொரு நிபந்தனை சொல்கிறாள்: படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருக்கிற எல்லாரிடமும் தான் கதை கேட்பாள், அதற்குப் பிறகுதான் ஊசி. சிலர் அதைக் கேட்டுவிட்டுப் படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை அவள் மறிப்பதில்லை.

பாதி தைத்த துறைமுகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். கை இன்னும் வரவில்லை, தோள் மட்டும். அண்ணா உடனே பார்த்துவிட்டான். அக்காவின் செய்தி அன்று பின்னேரமே வந்தது.

"வடிவாக் கிடக்கு. என்ர தோளுக்கு எப்ப வாறாய்? எனக்கும் ஒரு இடம் ஞாபகம் வந்திட்டுது."

மீனலோசனி ஊசியைத் துணியில் குத்திவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு வசதியாக இருந்துகொண்டு எழுதினாள்: "சொல்லுங்கோ. எந்தப் பக்கத்தால வெயில் விழுந்தது?"